ஓட்டாத காரில் 12 சதவீதம் எங்கே போனது?

கேள்வி சுருக்கமாக இது: வாங்கி ஆறு மாதமான மின்சார கார், 45 யூனிட் பேட்டரி. ஊருக்குக் கிளம்பும்போது வீட்டு போர்டிகோவில் 78 சதவீதத்தில் நிறுத்தினேன். 9 நாள் கழித்து வந்து பார்த்தால் 66. யாரும் ஓட்டவில்லை, சார்ஜரும் மாட்டவில்லை. சர்வீஸ் சென்டரில் “இதெல்லாம் சகஜம் சார்” என்கிறார்கள். பேட்டரி கெட்டுவிட்டதா, எதையாவது அணைக்க மறந்துவிட்டேனா?

பேட்டரி கெடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக மீதியைப் படிக்கலாம். ஆனால் “சகஜம்” என்ற பதிலையும் நான் ஏற்க மாட்டேன். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும்.

45 யூனிட்டில் 12 சதவீதம் என்றால் 5.4 யூனிட். 9 நாள் என்பது 216 மணி நேரம். ஒரு யூனிட் 1,000 வாட் அவர்; ஆக 5,400 வாட் அவரை 216ஆல் வகுத்தால் 25 வாட். அதாவது நீங்கள் ஊரில் இருந்த 9 நாளும் உங்கள் போர்டிகோவில் ஒரு பிஎல்டிசி ஃபேன் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஆள் இல்லாத ஃபேன்.

லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் தானாகக் கொஞ்சம் இறங்கும், உண்மைதான். நல்ல நிலையில் இருக்கும் செல்களில் அது மாதத்துக்கு இரண்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும். உங்கள் பேட்டரிக்கு அதை வாட்டாக மாற்றினால் ஒன்றேகால் வாட். காரின் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒழுங்காகத் தூங்கினால் அதற்குமேல் அரை வாட், ஒரு வாட் ஆகும். ஆக ஓய்ந்து கிடக்கும் கார் இரண்டு, மூன்று வாட்டில் அடங்கிவிட வேண்டும். மிச்சமுள்ள இருபத்திச் சொச்சம் வாட்டுக்கு வேறு யாரோ பொறுப்பு.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். 25 வாட் தின்னும் ஏதோ ஒரு பொருள் விடாமல் ஓடுகிறது என்று நினைத்து அதைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி ஒரு பொருள் இருக்காது. மின்சார கார் விழித்திருந்தால் சும்மா நின்றாலே 150 முதல் 300 வாட் வரை இழுக்கும். 200 என்று வைத்துக்கொண்டால், உங்கள் 25 வாட் சராசரி என்பது நாளுக்கு மூன்று மணி நேர விழிப்பு. மீதி 21 மணி நேரம் கார் நன்றாகத்தான் தூங்கியிருக்கிறது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி: அந்த மூன்று மணி நேரம் அதை யார் எழுப்பினார்கள்?

சில சமயம் நாமேதான். ஆப்பைத் திறந்து கீழே இழுத்துப் புதுப்பிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் போனிலிருந்து கம்பெனி சர்வருக்குப் போகிறது. சர்வர் காருக்குள் இருக்கும் சிம் பொருத்திய டெலிமேட்டிக்ஸ் பெட்டிக்குத் தகவல் அனுப்புகிறது. அது காரின் உள் நெட்வொர்க்கை எழுப்புகிறது. அந்த நெட்வொர்க்கில் ஆளுக்கொரு வேலை பார்க்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கள், அதாவது கன்ட்ரோலர்கள், ஐம்பது அறுபது இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது சதவீதம் என்ற ஒரே ஒரு எண். அதற்காகக் கண்ணாடியை ஏற்றுகிற கன்ட்ரோலர்கூட எழுந்து உட்கார்கிறது. பல கார்களில் பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் சுவிட்சுகளான கான்டாக்டர்கள் ‘டக்’ என்று மூடிக்கொள்ளும், கூலன்ட் பம்ப் ஓடும். எண்ணை அனுப்பிய உடனே கார் தூங்கப் போகாது. அடுத்த கட்டளை வருமோ என்று பத்து நிமிடம், இருபது நிமிடம், சிலவற்றில் அரை மணி நேரம் காத்திருக்கும். ஒரு தடவை எட்டிப் பார்த்தால் இருபது நிமிட விழிப்பு. நீங்கள் நாலு தடவை, வீட்டில் இன்னொருவர் போனில் இரண்டு தடவை, கார் தானாக சர்வருக்குக் கணக்குச் சொல்ல ஓரிரண்டு தடவை, பின்னணியில் ஓடும் விட்ஜெட் ஒன்று... மூன்று மணி நேரம் வந்துவிட்டது.

எல்லா ஆப்பும் திறந்த உடனே காரை எழுப்பிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆப்கள் சர்வரில் கடைசியாகப் பதிந்த எண்ணைக் காட்டி, கீழே ‘கடைசியாகப் புதுப்பித்தது இத்தனை மணிக்கு’ என்று போடும். அந்த நேரம் பழையதாக இருந்தால் கார் தூங்குகிறது; அதைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். சில ஆப்கள் திறந்ததுமே எழுப்பிவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

இதைவிட மோசம் மூன்றாம் தரப்பு ஆப்கள். பயணப் பதிவு, பேட்டரி ஆயுள் வரைபடம், ஸ்மார்ட் ஹோம் இணைப்பு என்று அழகாகத்தான் இருக்கும். உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காரைத் தட்டிக் கேட்கும் ரகமாக இருந்தால், அந்தக் கார் தூங்கவே போகாது. நல்லபடி எழுதியவை, கார் தூங்கினால் தொந்தரவு செய்யாமல் காத்திருக்கும். எது எப்படி என்று விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

சாவியும் ஒரு சந்தேக நபர். போனையே சாவியாக வைத்திருக்கும் கார்களிலும், அருகில் போனாலே பூட்டு திறக்கும் கார்களிலும், சாவி எட்டும் தூரத்தில் இருக்கும்வரை காருக்குப் பாதித் தூக்கம்தான். போர்டிகோவில் கார், இரண்டடி தள்ளி ஹால் சுவரில் சாவி மாட்டும் ஆணி. நம் வீடுகளின் அமைப்பே அப்படித்தானே. ஊருக்குப் போகும்போது சாவியை உள் அறை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். இரும்பு பீரோ ரேடியோ அலையைப் பெருமளவு அடைத்துவிடும், திருட்டுக்கும் நல்லது.

சரி, பெரிய தீனிக்காரர்களுக்கு வருவோம். இவர்களில் பேர்போனது டெஸ்லாவின் சென்ட்ரி மோட். நிறுத்திய காரைச் சுற்றி யார் வந்தாலும் கேமராக்கள் பதிவு செய்யும். அதற்குக் கேமராக்களும் அவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் கணினியும் விழித்தே இருக்க வேண்டும். 250 வாட் என்று வைத்தால் நாளுக்கு 6 யூனிட். 60 யூனிட் பேட்டரியில் தினமும் 10 சதவீதம். 80இல் நிறுத்தினால் ஆறு நாளில் 20க்கு வந்துவிடும். 20ஐத் தொட்டதும் சென்ட்ரி தானாக அணைந்துகொள்ளும்படி டெஸ்லா வைத்திருக்கிறது, அதுவரைக்கும் புண்ணியம். இதே டெஸ்லா தன் கையேட்டில், சும்மா நிற்கும் காருக்கு நாளுக்கு 1 சதவீதம் இறங்கும் என்று எழுதி வைத்திருந்தது. காவலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் பத்து மடங்கு வித்தியாசம். இங்கே மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களிலும் சுற்றுப்புறத்தைப் போனில் பார்க்கும் கேமரா வசதி உண்டு. பெயர் மாறலாம், கேமராவும் கணினியும் மின்சாரம் குடிப்பது எங்கும் ஒன்றுதான்.

அடுத்தது கேபின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி. உள்ளே 40 டிகிரியைத் தாண்டினால் ஏசியோ ஃபேனோ தானாக ஓடும். டெஸ்லாவில் இது நிறுத்தியதிலிருந்து 12 மணி நேரம்தான் வேலை செய்யும். மே மாதத்து மதிய வெயிலில் கண்ணாடிக் கூரை கார் 40ஐத் தாண்டாமல் இருக்குமா? ஏசி விட்டு விட்டு ஓடினாலும் ஒரு பகலில் சில யூனிட் போய்விடும். குழந்தையையோ நாயையோ விட்டுவிட்டு ஐந்து நிமிடம் கடைக்குள் போகிறவர்களுக்கு இது பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது, அது வேறு விஷயம். ஆபீஸ் வாசலில் எட்டு மணி நேரம் நிற்கும் காலி காருக்கு ஒரு சன்ஷேடு போதும்.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தெரிவது ஒன்று. சார்ஜ் இறங்குகிறது என்று பயந்தவர்கள் முதலில் நிறுத்துவது, கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போனிலிருந்து ஏசி போடுவதை. அது கால் அல்லது அரை யூனிட்டோடு முடிகிற செலவு, பலனும் கைமேல் தெரிகிறது; கேபிள் மாட்டியிருந்தால் பேட்டரியிலிருந்துகூடப் போகாது. அதைத் தியாகம் செய்துவிட்டு, யாருக்கும் பயன்படாத விட்ஜெட்டை ஓடவிடுகிறார்கள்.

இதுவரை பேசியது பெரிய பேட்டரி பற்றி. உண்மையில் அதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. 78 என்பது 66 ஆனால் யாரும் நடுரோட்டில் நிற்கப் போவதில்லை. நம்மை நிறுத்திவைப்பது சின்ன பேட்டரி.

மின்சார காரிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது என்பது வாங்கிய பலருக்கே தெரியாது. காரை அணைத்ததும் பெரிய பேட்டரி கான்டாக்டர்களால் துண்டிக்கப்பட்டுவிடும், பாதுகாப்புக்காக அப்படி. அதன்பின் பூட்டு, அலாரம், டெலிமேட்டிக்ஸ் எல்லாம் சின்ன பேட்டரியில்தான் ஓடும். அந்தக் கான்டாக்டர்களை மறுபடி மூடுவதற்கும் அதே 12 வோல்ட் வேண்டும். ஆக சின்னது படுத்துவிட்டால், பெரியதில் 70 சதவீதம் இருந்தும் கார் இரும்புப் பெட்டி. வங்கியில் பணம் இருக்கிறது, லாக்கர் சாவி தொலைந்துவிட்டது என்கிற கதை.

கொள்ளளவைப் பாருங்கள். 45 ஆம்பியர் அவர் என்றால் 540 வாட் அவர், அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஒழுங்காகத் தூங்கும் கார் 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் 37 நாள் தாங்கும், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். நீங்கள் வெளியில் வாங்கி வயர் இழுத்துப் பொருத்திய டேஷ்கேம் பார்க்கிங் மோடில் 5 வாட் குடித்தால், நாலரை நாளில் கதை முடிந்தது. ஓபிடி போர்ட்டில் (மெக்கானிக் காரின் கோளாறைப் படிக்கக் கருவி செருகும் இடம்) செருகிய டாங்கிள், ஜிபிஎஸ் டிராக்கர் எல்லாம் இதே கணக்கில் சேரும். டாங்கிள் இன்னொரு வேலையும் செய்யும்: தான் குடிப்பது கொஞ்சம்தான், ஆனால் நெட்வொர்க்கைத் தூங்கவிடாமல் மற்றவர்களைக் குடிக்க வைக்கும்.

கார் கம்பெனிகளும் இதை உணராமல் இல்லை. சின்னதில் வோல்டேஜ் குறைந்தால் காரே எழுந்து பெரியதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொள்ளும் வசதி இப்போது பல கார்களில் உண்டு. ஹூண்டாய், கியா இதற்கு ‘ஆக்ஸ் பேட்டரி சேவர் பிளஸ்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. டெஸ்லா 2021 வாக்கில் ஈய அமில பேட்டரியையே விட்டுவிட்டு லித்தியத்துக்கு மாறியது. ஆனால் ஊற்றும் இயந்திரமே பழுதானால்? 2024 மார்ச்சில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் சுமார் 1,47,000 மின்சார கார்களைத் திரும்ப அழைத்தது அதற்குத்தான். சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகி 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போகாமல் நின்றுவிடும் ஆபத்து. அதே ஆண்டு இந்தியாவிலும் ஹூண்டாயின் 1,744 ஐயோனிக் 5 கார்கள் இதே காரணத்துக்காகப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டன. எனவே சின்ன பேட்டரி அடிக்கடி படுத்தால் எல்லாப் பழியையும் ஆப்பின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்னை விமான நிலையத்தில் 17 நாள் காரை நிறுத்திவிட்டுப் போனேன். எந்தக் கார் என்பது வேண்டாம்; இதில் அதன் தப்பு பாதி, என் தப்பு பாதி. புது கார் வேறு, மனசு கேட்கவில்லை. காலை எழுந்ததும் ஆப், மதியம் ஆப், படுக்கும் முன் ஆப். “ஹாஸ்டலில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த மாதிரி பண்ணாதீங்க” என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். பதினோராவது நாள் ஆப்பில் பதிலே வரவில்லை. அடுக்குமாடி பார்க்கிங்கில் சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து இறங்கினால் கதவுக் கைப்பிடி வெளியே வரவில்லை. சாவிக்குள் ஒளிந்திருந்த உலோகச் சாவியை உருவி, கைப்பிடியை ஒரு பக்கம் அழுத்தி, துவாரத்தைத் தேடி, டார்ச் பிடித்துத் திறந்தோம். பார்க்கிங்கில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தன் பைக் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்தார். “இத்தனை பெரிய காருக்கு இது பத்துமா?” என்று அவருக்கே சந்தேகம்.

பத்தும். பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். இங்கே கம்ப்யூட்டர்கள் எழுந்து கான்டாக்டரை மூடினால் போதும். அப்புறம் பெரிய பேட்டரி வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது. பெரிய பேட்டரியில் 71 சதவீதம். ஈய அமில பேட்டரி இப்படி ஒருமுறை அடிமட்டத்துக்குப் போய்விட்டால் சல்பேட் படிந்து முழு பலத்துக்குத் திரும்பாது. ஐந்து மாதத்தில் அதை மாற்ற வேண்டி வந்தது. ஒரு எச்சரிக்கை: உங்கள் மின்சார காரை வைத்து அடுத்தவரின் பெட்ரோல் காரை ஜம்ப் ஸ்டார்ட் செய்யப் போகாதீர்கள். அந்த ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டை உங்கள் சின்ன பேட்டரியும், பெரியதிலிருந்து அதற்கு ஊற்றும் கன்வெர்டரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். ஒரே ராத்திரியில் சோதித்துவிட முடியாது. 45 யூனிட்டில் 1 சதவீதம் என்பது 450 வாட் அவர். ஒரு நாளுக்கு அது 19 வாட். திரையில் காட்டும் எண்ணுக்கு அதைவிட நுணுக்கம் இல்லை. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியாக இருந்தால் இன்னும் சிக்கல்: அதன் வோல்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய சமதளமாக இருப்பதால் கார் சதவீதத்தை ஊகித்துத்தான் காட்டுகிறது, ஓய்வுக்குப் பின் ஒன்றிரண்டு சதவீதத்தைத் திருத்திக்கொள்ளும். உங்கள் 12இல் ஒன்று அப்படிப் போயிருக்கலாம். அதனால் நாலைந்து நாள் ஓட்டாமல் இருக்க வாய்ப்பு வரும்போது செய்யுங்கள். முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்: கேமரா காவல், கேபின் குளிரூட்டல், குறித்த நேர ஏசி, மூன்றாம் தரப்பு ஆப்கள். மூன்றாம் தரப்பு என்றால் ஆப்பை அழிப்பது மட்டும் போதாது, சர்வர் உங்கள் பெயரில் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். குடும்பத்தில் எல்லார் போனிலும் லாக் அவுட். டாங்கிளைப் பிடுங்குங்கள். சாவி பீரோவில். நாலு நாளில் ஒரு சதவீதத்துக்குமேல் இறங்கவில்லை என்றால் கார் ஆரோக்கியமாக இருக்கிறது. அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். டெஸ்லா வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. எனர்ஜி பக்கத்தில் நிறுத்திவைத்த நேரத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது, எந்த வசதி எவ்வளவு தின்றது என்று பிரித்தே காட்டும். மற்றவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை என்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நாளுக்கு ஒரு சதவீதத்துக்குமேல் இறங்கினால்தான் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். அப்போது “சார்ஜ் இறங்குது” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், சகஜம் என்று மறுபடி அனுப்பிவிடுவார்கள். காரைப் பூட்டி ஒரு மணி நேரம் தூங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி வயரில் எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்று அளந்து ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாராசிட்டிக் டிரெயின் டெஸ்ட் என்றால் அவர்களுக்குப் புரியும். எண் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

கம்பெனிகள் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். ஐரோப்பாவில் 2013 முதல் டிவி, வாஷிங் மெஷின் போன்றவை அணைத்த நிலையில் அரை வாட்டுக்குமேல் குடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதிகளுக்குத் தாய்ச் சட்டமாக இருந்த 2009 எகோடிசைன் சட்டத்தில் வாகனங்களுக்கு வெளிப்படையாகவே விலக்கு இருந்தது. மைலேஜ் சான்றிதழுக்கான சோதனைகளிலும், அவர்களுடைய டபிள்யூஎல்டிபி ஆனாலும் நம்முடைய எம்ஐடிசி ஆனாலும், நாள்கணக்கில் நிற்கும்போது போகும் சார்ஜ் கணக்கில் வராது. உங்கள் 25 வாட் ஆண்டு முழுவதும் தொடர்ந்தால் 219 யூனிட். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் 1,300 கிலோமீட்டர் ஓட்டம், எந்த விளம்பரத்திலும் வராத ஓட்டம். தேவைப்பட்ட கன்ட்ரோலரை மட்டும் எழுப்பி மற்றவற்றைத் தூங்கவிடும் நெட்வொர்க் தொழில்நுட்பத்துக்குச் சர்வதேசத் தரநிலையே 2013இல் வந்துவிட்டது. செலவும் மென்பொருள் வேலையும் பிடிக்கும், கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடவை மூன்று வாரம் வெளியூர் போனால் 50, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள்; 100இல் விட்டுப் போனால் வெயிலில் செல்களுக்கு வயதாகும், 15இல் விட்டுப் போனால் பல கார்களில் சின்ன பேட்டரிக்கு ஊற்றும் வசதி நின்றுவிடும். தெருவில் நிறுத்த நேர்ந்தால் கேமரா காவலை விட்டுவையுங்கள், அதற்கான சார்ஜையும் சேர்த்துக் கணக்குப் போட்டு. பூட்டிய கேட்டுக்குள் என்றால் அணைத்துவிடுங்கள். ஆப்பை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். 2,500 ரூபாயை ஒட்டிய விலையில் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் அதை டிக்கிக்குள் வைக்காதீர்கள். டிக்கியைத் திறக்கவும் 12 வோல்ட் வேண்டும்.